பரிவர்த்தனை வரலாற்றுக் கருவிக்கு ஆவணம்: எதை எந்த இடத்தில் எழுதுவது?

கிரிப்டோ முகவரி ஒன்றையும் செயினின் (பரிவர்த்தனைகளைப் பிளாக்குகளாகத் தொகுத்து வைக்கும் பொதுப் பதிவேட்டின்) பெயரையும் பெற்றுக்கொண்டு, அந்த முகவரியின் பரிவர்த்தனை வரலாற்றைத் திருப்பித் தரும் கருவியை ஏஐ ஏஜென்ட்டுகளுக்காக (மொழி மாடலைக் கொண்டு, கருவிகளைத் தாமே அழைத்து வேலை செய்யும் மென்பொருள்களுக்காக) உருவாக்குவது இன்று பெரிய வேலை அல்ல. தரவைத் தரும் சேவைகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றின் ஏபிஐ-யை (நிரல்கள் ஒன்றையொன்று கேட்கும் இடைமுகத்தை) அழைத்து, வந்த பதிலைச் சற்றே ஒழுங்குபடுத்தி ஏஜென்ட்டிடம் கொடுத்தால் கருவி இயங்கத் தொடங்கிவிடும். முடிவெடுக்கச் சிரமமாக இருப்பது அதன் ஆவணம்தான். கருவி எதைத் தேடுகிறது, எதைத் தேடுவதில்லை, அது தரும் எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்பவற்றை எங்கே எழுதினால் ஏஜென்ட் உரிய நேரத்தில் படிக்கும்? இந்தக் கேள்விக்கு ஐந்து விடைகள் புழக்கத்தில் உள்ளன: ஏபிஐ-யின் அழைப்புகளைப் பொது வடிவில் பட்டியலிடும் ஓப்பன்ஏபிஐ விவரணை, கருவியோடு அனுப்பப்படும் விளக்கவுரை, தேவைப்படும்போது படிக்கப்படும் ஸ்கில் கோப்பு, மனிதர்களுக்கான இணைய ஆவணப் பக்கம், கருவி தரும் பதிலுக்குள்ளேயே எழுதப்படும் குறிப்பு. இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைவிட, எந்தச் செய்தியை எதனிடம் ஒப்படைப்பது என்று கேட்பதே பயனுள்ளது.

மென்பொருளாளர் ஒருவர் ஆவணத்தை ஒருமுறை படித்து, சில சோதனை அழைப்புகளைச் செய்து, விடை விசித்திரமாக இருந்தால் ஆவணத்துக்குத் திரும்புவார்; கற்றதை நிரலில் பதித்துவிட்டால் அடுத்த முறை அவருக்கு ஆவணம் தேவைப்படாது. ஏஜென்ட்டுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு உரையாடலிலும் அது கருவியைப் புதிதாகவே சந்திக்கிறது. கண்முன் வைக்கப்பட்ட உரையும் பயிற்சியில் பெற்ற பொது அறிவும் மட்டுமே அதன் கைவசம் உள்ளன. அந்தப் பொது அறிவு பெரும்பாலும் சரியானது என்பதே இங்கே ஆபத்து, ஏனென்றால் சரியாக இல்லாத இடத்திலும் ஏஜென்ட் அதே உறுதியோடு பேசும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பக்கங்கள் கிழிந்த கணக்குப் புத்தகத்தில் கிழிந்த இடமாவது கண்ணுக்குத் தெரியும்; ஜேசான் என்ற தரவு வடிவில் வரும் பட்டியல் ஒன்றில் விடுபட்ட வரிகள் எந்தத் தடயத்தையும் விட்டுவைப்பதில்லை. "இந்த முகவரிக்குச் சென்ற ஆண்டு எவ்வளவு ஈதர் வந்தது?" என்று, எத்தேரியம் செயினின் நாணயத்தைப் பற்றிக் கேட்டால், கையில் கிடைத்த பட்டியலைக் கூட்டி ஏஜென்ட் ஓர் எண்ணைச் சொல்லிவிடும். கூட்டல் சரியாகவே இருக்கும். பட்டியல் முழுமையானதா என்பதைத்தான் அது கேட்காது. ஆகவே இத்தகைய கருவியின் ஆவணத்தை மதிப்பிடும்போது, அழைக்கும் முறையை எவ்வளவு தெளிவாகச் சொல்கிறது என்பதை இரண்டாம் இடத்தில் வைத்துவிட்டு, வரலாற்றில் எது இல்லை என்பதைச் சொல்கிறதா என்றே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆவணம் சுமக்க வேண்டியவை

எந்த இடத்தில் எழுதுவது என்று முடிவு செய்வதற்கு முன், எழுத வேண்டியது எவ்வளவு என்பதைப் பார்த்துவிடுவது நல்லது. எத்தேரியம் நோட் (செயினின் நகலை வைத்திருக்கும் கணினி) ஒன்றிடம் ஹாஷைக் (பரிவர்த்தனையின் தனி அடையாளத்தைக்) கொடுத்து ஒரு பரிவர்த்தனையைக் கேட்கலாம். பிளாக் எண்ணைக் கொடுத்து அதில் அடங்கியவற்றைக் கேட்கலாம். ஆனால் ஒரு முகவரியின் பரிவர்த்தனைகள் அனைத்தையும் கொடு என்று கேட்பதற்கு அதன் வழக்கமான ஆர்பிசி (தொலை அழைப்பு) இடைமுகத்தில் அழைப்பு எதுவும் கிடையாது. பிட்காயின் கோர் மென்பொருளும் முகவரிவாரியான அட்டவணை எதையும் வைத்திருப்பதில்லை. எனவே முகவரியின் வரலாறு என்பது செயினில் அப்படியே கிடக்கும் பொருள் அல்ல. யாரோ ஓர் இன்டெக்ஸர் தன் விதிகளின்படி தொகுத்துத் தரும் பார்வை. விதி மாறினால் வரலாறும் மாறும்.

எத்தேரியத்தில் இந்தத் தொகுப்பு பல கூறுகளாகப் பிரிந்திருக்கிறது. எத்தேரியத் தரவைத் தேடித் தரும் ஈதர்ஸ்கேன் சேவையை எடுத்துக்கொண்டால், சாதாரணப் பரிவர்த்தனைகளுக்கு ஓர் அழைப்பு, ஒப்பந்தங்களுக்குள் (செயினில் தானாக இயங்கும் நிரல்களுக்குள்) நிகழும் உள்பரிவர்த்தனைகளுக்கு வேறோர் அழைப்பு, ஈஆர்சி-20 என்ற பொது விதிப்படி அமைந்த டோக்கன்களின் நகர்வுகளுக்கு மற்றொன்று, என்எஃப்டிகளுக்கு (ஒவ்வொன்றும் தனித்தன்மையுள்ள டோக்கன்களுக்கு) இன்னொன்று என்று தனித்தனியாகவே கேட்க வேண்டும். ரேப்டு ஈதரை (ஈதரை ஒப்பந்தத்தில் வைத்து அதற்கு ஈடாகப் பெறும் டோக்கனை) மீண்டும் ஈதராக மாற்றிக்கொள்பவருக்கு அந்த ஈதர் ஒப்பந்தத்திலிருந்து உள்பரிவர்த்தனையாகவே வந்து சேர்கிறது. முதல் அழைப்பை மட்டும் நம்பும் கருவியில் அந்த வரவு தென்படாது. 2023 ஏப்ரலில் நடந்த ஷாங்காய் மேம்படுத்தலுக்குப் பிறகு, ஸ்டேக்கிங்கில் (செயினைச் சரிபார்க்கும் பணிக்குப் பிணையாக) இருந்த ஈதர் வெளியே வருவது பரிவர்த்தனையாகவே பதிவாவதில்லை. பிளாக்கில் உள்ள தனிப் பட்டியலில் அது இடம்பெற, முகவரியின் இருப்பு மட்டும் கூடுகிறது. வேலிடேட்டர் (இவ்வாறு பிணை வைத்துச் சரிபார்ப்பவர்) ஒருவரின் வரவுகளைக் கணக்கிடும் ஏஜென்ட் இந்தப் பட்டியலைக் கேட்காவிட்டால், ஸ்டேக்கிங்கிலிருந்து வந்த தொகை ஒன்றுகூட அதன் கணக்கில் சேராது.

பிட்காயினில் சிக்கல் வேறு வகையானது. அங்கே கணக்கு என்ற அமைப்பே இல்லை. முந்தைய வெளியீடுகளைச் (முந்தைய பரிவர்த்தனைகளில் கிடைத்து இன்னும் செலவாகாத தொகைகளைச்) செலவழித்துப் புதிய வெளியீடுகளை உருவாக்குவதுதான் பரிவர்த்தனை. 1 பிட்காயின் மதிப்புள்ள வெளியீட்டைக் கொண்டு 0.3 பிட்காயின் செலுத்தினால், கட்டணம் போக மீதமுள்ள ஏறக்குறைய 0.7 பெரும்பாலும் அதே வாலட்டின் (முகவரிகளை நிர்வகிக்கும் மென்பொருள் பணப்பையின்) புதிய முகவரி ஒன்றுக்குத் திரும்பும். பழைய முகவரியை மட்டும் பார்க்கும் ஏஜென்ட், 1 பிட்காயின் முழுவதும் செலவானதாகச் சொல்லிவிடும். சொலானாவிலோ, டோக்கன்கள் வாலட் முகவரியில் இருப்பதில்லை. ஒவ்வொரு டோக்கனுக்கும் தனிக் கணக்கு உண்டு. வாலட் முகவரியைக் கொண்டு தேடினால், அந்த முகவரி குறிப்பிடப்பட்ட பரிவர்த்தனைகள் மட்டுமே கிடைக்கும். ஏற்கெனவே உள்ள டோக்கன் கணக்குக்கு வெளியார் அனுப்பிய தொகையில் உரிமையாளரின் வாலட் முகவரி இடம்பெற வேண்டிய கட்டாயம் இல்லை. ஓர் அழைப்புக்கு அதிகபட்சம் 1,000 கையொப்பங்கள் (பரிவர்த்தனை அடையாளங்கள்), அதுவும் புதியதிலிருந்து பழையதை நோக்கி, என்ற வரம்பும் சேர்ந்துகொள்கிறது.

அளவைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1 ஈதர் என்பது 10^18 வெய். ஜாவாஸ்கிரிப்ட் பிழையின்றிக் கையாளக்கூடிய முழு எண்ணின் எல்லை 9,007,199,254,740,991 என்பதால், 0.01 ஈதரே வெய் கணக்கில் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஆகையால் தொகைகளை எண்ணாக அனுப்பாமல் சரமாக (எழுத்துத் தொடராக) அனுப்ப வேண்டியிருக்கிறது. பிட்காயினுக்கு 8 தசம இடங்கள், சொலானாவின் நாணயமான சோலுக்கு 9. டாலர் மதிப்பைப் பின்பற்றும் யூஎஸ்டிடி டோக்கனுக்கு எத்தேரியத்தில் 6 தசம இடங்கள் என்றால், பிஎன்பி செயினில் அதே பெயரில் புழங்கும் டோக்கனுக்கு 18. எத்தேரியத்தில் 25 யூஎஸ்டிடி வந்த பதிவை 18 தசம இடங்களைக் கொண்டு படித்தால் 0.000000000025 என்று வரும், பெறுமதி இல்லாத தூசியென்று ஏஜென்ட் அதைக் கழித்துவிடவும் கூடும்.

தோல்வியடைந்த பரிவர்த்தனைகளும் பட்டியலில் வரும். தொகை நகர்ந்திருக்காது, கட்டணம் மட்டும் கழிந்திருக்கும். எத்தேரியத்தில் வெற்றியா தோல்வியா என்ற குறி ரசீதில் இடம்பெற்றது 2017 அக்டோபரில் நடந்த பைசான்டியம் மேம்படுத்தலிலிருந்துதான் என்பதால், அதற்கு முந்தைய பதிவுகளை வேறு வழியில் படிக்க வேண்டும். அண்மைப் பதிவுகளுக்கு உறுதிநிலை என்ற கேள்வியும் உண்டு: 12 வினாடிகள் கொண்ட ஸ்லாட்டுகள் 32 சேர்ந்தது ஓர் எப்பாக், வழக்கமாக இரண்டு எப்பாக்குகள் கடந்த பின்னரே, அதாவது சுமார் 13 நிமிடங்களுக்குப் பிறகே, எத்தேரிய பிளாக் ஒன்று இறுதியானதாகக் கொள்ளப்படுகிறது. ஆவணம் இவை அனைத்தையும் எங்காவது சுமந்தாக வேண்டும்.

ஓப்பன்ஏபிஐ விவரணை

ஏற்கெனவே ஏபிஐ வைத்திருப்பவர்களுக்கு முதலில் தோன்றும் வழி, அதன் ஓப்பன்ஏபிஐ விவரணையை அப்படியே கருவிகளாக மாற்றிக் கொடுப்பதுதான். அதைச் செய்துதரும் மென்பொருள்கள் நிறைய உண்டு. 2021இல் வெளியான 3.1 பதிப்பிலிருந்து இந்த விவரணை ஜேசான் ஸ்கீமாவோடு (தரவின் வடிவத்தை வரையறுக்கும் முறையோடு) ஒத்துப்போவதால், மாற்றுவதில் தொழில்நுட்பத் தடை அதிகம் இல்லை. விவரணையை நிரலிலிருந்தே உருவாக்கினால் ஆவணமும் நிரலும் ஒன்றுக்கொன்று விலகிப் போகாது என்பது இதன் பெரிய வலிமை. மற்ற நான்கு வழிகளிலும் இந்த விலகல்தான் நாள்பட்ட நோய்.

ஆனால் விவரணை வடிவத்தைச் சொல்கிறதே தவிர, பொருளைச் சொல்வதில்லை. தொகை என்ற புலம் சரம் வகையைச் சேர்ந்தது என்று அதில் இருக்கும். அந்தச் சரம் வெய்யா ஈதரா என்பது இருந்தால் நல்லது, பெரும்பாலும் இருப்பதில்லை. முகவரி என்ற புலத்துக்கு விளக்கமாக "முகவரி" என்று மட்டும் எழுதிவைத்த விவரணைகளைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மேலும், ஏபிஐ-யின் ஒவ்வோர் அழைப்பும் ஒரு கருவியாக மாறும்போது, சாதாரணம், உள்பரிவர்த்தனை, டோக்கன் நகர்வு, ஸ்டேக்கிங் வரவு என நான்கு கருவிகள் ஏஜென்ட்டின் முன் வந்து நிற்கும். முழு வரலாறு வேண்டுமானால் நான்கையும் அழைக்க வேண்டும் என்ற செய்தி அந்த நான்கு விளக்கங்களில் எதற்கும் சொந்தமானதல்ல. ஆகவே எதிலும் எழுதப்படுவதில்லை. முதல் கருவியின் பெயர் "பரிவர்த்தனைகளைப் பெறு" என்பது போல ஒலித்தால் ஏஜென்ட் அதோடு நின்றுவிடும்.

கருவியின் விளக்கவுரை

ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், அதாவது எம்சிபி, கருவி ஒவ்வொன்றும் தன் பெயரையும் விளக்கவுரையையும் உள்ளீட்டு ஸ்கீமாவையும் அறிவிக்கும் அமைப்பைப் பரவலாக்கியது. ஏஜென்ட் மென்பொருள்கள் வழக்கமாக இந்த விளக்கவுரையை உரையாடலின் தொடக்கத்திலேயே மாடலின் முன் வைத்துவிடுவதால், ஏஜென்ட் கருவியை அழைக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் தருணத்தில் அது கண்முன் இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே, சிலவற்றுக்கு விளக்கவுரையைவிட நல்ல இடம் கிடையாது: கருவி எந்தச் செயின்களை அறியும், முகவரி எந்த வடிவில் இருக்க வேண்டும், எந்தெந்த வகை நகர்வுகள் இதில் அடங்கும், எவை அடங்கா, எந்தக் கேள்விக்கு இதை அழைக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இப்போதைய இருப்பு என்ன என்று கேட்டால் வரலாற்றைக் கூட்டிக் கழித்துக் கண்டுபிடிக்கப் புறப்படும் ஏஜென்ட்டைத் தடுக்க, இருப்புக்கு வேறு கருவி உண்டு என்ற ஒரே வாக்கியம் போதும்.

செயின் குறியீடு போன்றவற்றை விளக்கவுரையில் எழுதுவதைவிட, ஸ்கீமாவில் அனுமதிக்கப்பட்ட மதிப்புகளின் பட்டியலாகத் தருவது நல்லது. ஒரே முகவரி எத்தேரியத்திலும், அதே முகவரி வடிவைக் கொண்ட பேஸ், ஆர்பிட்ரம் ஆகிய செயின்களிலும் செல்லுபடியாகும் என்பதால், செயினைக் கட்டாய உள்ளீடாக வைக்காமல் எத்தேரியம் என்று ஊகித்துக்கொள்ளும் கருவி, காலிப் பட்டியலைத் தந்து "இந்த முகவரியில் நடவடிக்கை எதுவும் இல்லை" என்ற தவறான முடிவுக்கு ஏஜென்ட்டை அழைத்துச் செல்லும். நீளமான எச்சரிக்கை வாக்கியம் தடுக்காத தவற்றை, தவிர்க்க முடியாத உள்ளீடு ஒன்று எளிதாகத் தடுத்துவிடுகிறது.

இந்த வழியின் குறை அதன் விலையில் இருக்கிறது. விளக்கவுரையின் ஒவ்வொரு வரியும், கிரிப்டோவைப் பற்றியே பேசாத உரையாடலிலும் மாடலின் கான்டெக்ஸ்ட் இடத்தை (ஒரே நேரத்தில் அது படிக்கக்கூடிய உரைக்கான இடத்தை) எடுத்துக்கொள்கிறது. பயனர் ஒருவர் பத்துப் பதினைந்து கருவித் தொகுப்புகளை இணைத்திருக்கலாம். ஒவ்வொருவரும் தம் கருவியே முக்கியம் என்று இரண்டு பக்கம் எழுதினால், எல்லோருடைய எச்சரிக்கைகளும் சேர்ந்து எவருடையதும் கவனிக்கப்படாமல் போகும். மேலே சொன்ன சொலானா, பிட்காயின் நுணுக்கங்களை இங்கே அடுக்குவது சரியல்ல என்பதற்கு இதுவே காரணம். எத்தேரிய முகவரியைப் பற்றிக் கேட்பவருக்கு டோக்கன் கணக்குகளின் அமைப்பு அந்த நேரத்தில் வேண்டாத பாரம்.

தேவைப்படும்போது படிக்கும் கோப்பு

இந்தப் பாரத்தைக் குறைப்பதற்காக வந்ததே ஸ்கில் கோப்பு என்ற முறை. 2025 அக்டோபரில் ஆந்த்ரோபிக் அறிமுகப்படுத்திய இந்த வடிவத்தில், ஸ்கில்லின் பெயரும் சிறு விளக்கமும் மட்டுமே தொடக்கத்தில் ஏற்றப்படும். வேலை அதற்குப் பொருந்துவதாக ஏஜென்ட் கருதினால் முழு உரையையும் திறக்கும். அதிலிருந்து சுட்டப்படும் துணைக் கோப்புகளை இன்னும் தேவைப்பட்டால் திறக்கும். செயினுக்கு ஒரு துணைக் கோப்பு என்று பிரித்துவைப்பதற்கு இது மிகவும் ஏற்ற அமைப்பு. பிட்காயின் வாலட்டில் மீதித் தொகை திரும்பும் முகவரிகளை எப்படிக் கையாள்வது, நீண்ட வரலாற்றைக் கால இடைவெளிகளாகப் பிரித்து எப்படி வாங்குவது, உள்பரிவர்த்தனையையும் டோக்கன் நகர்வையும் ஒரே ஹாஷின் கீழ் சேர்த்து எப்படி ஒரே நிகழ்வாகப் படிப்பது போன்ற, வரிசையாகச் செய்ய வேண்டிய வேலைமுறைகளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை.

இதன் பலவீனம், ஏஜென்ட் தனக்குத் தெரியவில்லை என்பதை உணர்ந்தால்தான் கோப்பைத் திறக்கும் என்பதே. சாதாரணமாகத் தோன்றும் கேள்விக்கு அது திறக்காமலே போகலாம். ஆனால் ஈதர் எவ்வளவு வந்தது என்ற கேள்வி, மேலே பார்த்தபடி, சாதாரணமாகத் தோன்றும் கேள்விதான். ஸ்கில் கோப்பை ஆதரிக்காத ஏஜென்ட் மென்பொருளில் கருவி இயங்கும்போது அந்த உரை எட்டவே எட்டாது என்பதும் கணக்கில் கொள்ள வேண்டியது.

மனிதர்களுக்கான இணைய ஆவணப் பக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதை மாடல்கள் எளிதாகப் படிக்கும்படி சுருக்கிக் காட்ட, ஜெரமி ஹோவர்ட் 2024 செப்டம்பரில் முன்மொழிந்த எல்எல்எம்எஸ் டெக்ஸ்ட் (llms.txt) கோப்பு உதவும். கருவியைத் தம் நிரலில் இணைக்க முயலும் மென்பொருளாளரின் நிரலாக்க உதவியாளருக்கு அது பயன்படுகிறது. இயங்கிக்கொண்டிருக்கும் ஏஜென்ட், கேள்விக்கு நடுவே இணையப் பக்கத்தைத் தேடிச் சென்று படிக்கும் என்று நம்பி எதையும் அங்கே மட்டும் வைக்கக் கூடாது. அந்தப் பக்கத்துக்கென்றே உரிய செய்திகளும் உண்டு: கட்டணம், வேக வரம்பு, தரவு எங்கிருந்து வருகிறது, பயனர் விசாரிக்கும் முகவரிகள் எந்த மூன்றாம் தரப்புச் சேவைக்கு அனுப்பப்படுகின்றன என்பவை. கடைசியாகச் சொன்னது தனியுரிமை சார்ந்தது. அதைப் படித்து முடிவெடுக்க வேண்டியவர் மனிதர்.

பதிலுக்குள்ளேயே ஆவணம்

ஐந்தாவது வழியைப் பலர் ஆவணமாகவே எண்ணுவதில்லை. ஆனால் கருவி தரும் பதிலை ஏஜென்ட் கட்டாயம் பெற்றுக்கொள்கிறது. அதுவும் விடையைக் கட்டமைக்கப் போகும் தருணத்துக்குச் சற்று முன்பாக. வேறெந்த உரைக்கும் இந்த இடம் வாய்ப்பதில்லை. பரிவர்த்தனைப் பட்டியலுக்கு முன்பாக, எதைத் தேடினோம் என்று சொல்லும் சிறு பகுதி ஒன்றை வைத்தால் போதும்: எந்தச் செயின், எந்த பிளாக்கிலிருந்து எந்த பிளாக் வரை, எந்த வகைகள் சேர்க்கப்பட்டன, எந்த வகைகள் தேடப்படவில்லை, பட்டியல் வரம்பை எட்டியதால் வெட்டப்பட்டதா, அடுத்த பக்கத்துக்கான குறி என்ன, கடைசி பிளாக் இறுதியானதா இல்லையா. "உள்பரிவர்த்தனைகள் தேடப்படவில்லை, ஒப்பந்தங்களிலிருந்து வந்த ஈதர் இந்தப் பட்டியலில் இருக்காது" என்ற வாக்கியத்தை வரவுப் பட்டியலுக்கு மேலேயே படித்த ஏஜென்ட், மொத்தத்தைச் சொல்லும்போது அந்த வரையறையையும் சேர்த்துச் சொல்வதற்கான வாய்ப்பு, பத்தாயிரம் சொற்களுக்கு முன்னால் விளக்கவுரையில் அதே வாக்கியத்தைப் படித்ததைவிட அதிகம்.

தசம இடங்களின் சிக்கல் இந்த வழியின் தேவையைத் தெளிவாகக் காட்டுகிறது. யூஎஸ்டிடிக்கு எத்தனை தசம இடங்கள் என்பதை விளக்கவுரையிலோ ஸ்கில் கோப்பிலோ அட்டவணையாக எழுத முடியாது; செயினுக்குச் செயின் அது மாறுகிறது, அதே பெயரில் போலி டோக்கன்களும் உலவுகின்றன. ஆகவே ஒவ்வொரு பதிவிலும் மூலத் தொகை, தசம இடங்கள், மாற்றப்பட்ட தொகை, ஒப்பந்த முகவரி ஆகிய நான்கையும் சேர்த்தே தர வேண்டும். நேரத்துக்கும் இதே நியாயம் பொருந்தும்: யூனிக்ஸ் வினாடிகளை (1970 தொடக்கத்திலிருந்து எண்ணப்படும் வினாடிகளை) மட்டும் தந்தால் ஏஜென்ட் மனக்கணக்கில் தேதி கண்டுபிடிக்க முயன்று தவறும், யூடிசி (உலகப் பொது நேரம்) என்று குறிப்பிட்ட தேதியையும் சேர்த்துத் தந்தால் அந்த வாய்ப்பே எழாது. பதில் இவ்வாறு தன்னைத் தானே விளக்கும்போது, விளக்கவுரையில் எழுத வேண்டியது பாதியாகக் குறைகிறது. எம்சிபியின் 2025 ஜூன் பதிப்பு வெளியீட்டுக்கும் ஸ்கீமா அறிவிக்க இடம் தந்திருப்பதால், இந்தப் புலங்களை முறையாக வரையறுக்கவும் முடிகிறது.

பிழைச் செய்திகளும் ஆவணம்தான். "தவறான உள்ளீடு" என்பதற்குப் பதிலாக, "இது பிட்காயின் முகவரியின் வடிவில் உள்ளது, செயின் எத்தேரியம் என்று கொடுக்கப்பட்டிருக்கிறது" என்று சொன்னால் ஏஜென்ட் தானே திருத்திக்கொள்ளும். வரம்பு மீறல், தரவுச் சேவை தடைபட்டது, முகவரியில் உண்மையிலேயே எதுவும் இல்லை என்ற மூன்றும் ஏஜென்ட்டுக்கு மூன்று வெவ்வேறு செய்திகளாகப் போய்ச் சேர வேண்டும். மூன்றுக்கும் காலிப் பட்டியலையே திருப்பித் தரும் கருவியை எந்த ஆவணமும் காப்பாற்றாது.

குறை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு பதிலும் கனக்கும். பக்கம் பக்கமாக வரலாற்றை வாங்கும்போது அதே குறிப்பு திரும்பத் திரும்ப வரும். முதல் பக்கத்தில் முழுமையாகவும் அடுத்தவற்றில் சுருக்கமாகவும் தருவதால் இதைச் சமாளிக்கலாம். பதில் என்பது அழைத்த பிறகு வருவது என்பதால், அழைப்பதா வேண்டாமா என்ற முடிவுக்கு அது உதவாது. அங்கே விளக்கவுரைக்கு மாற்று இல்லை. முக்கியமாக, இந்தக் குறிப்பு பொய் சொல்லக் கூடாது. நிரல் உண்மையில் என்ன தேடியதோ அதிலிருந்தே குறிப்பு உருவாக வேண்டும். கையால் எழுதி ஒட்டிய வாக்கியம், புதிய வகை ஒன்று சேர்க்கப்பட்ட மறுநாளே பழையதாகிவிடும்.

செயினில் வரும் அந்நியர் உரை

பரிவர்த்தனை வரலாறு என்பது அந்நியர்கள் எழுதக்கூடிய இடம். பிட்காயினின் முதல் பிளாக்கிலேயே, 2009 ஜனவரி 3 தேதியிட்ட லண்டன் நாளிதழ் ஒன்றின் தலைப்புச் செய்தி பொறிக்கப்பட்டிருக்கிறது. இன்று டோக்கனின் பெயராக எதையும் வைக்கலாம். "பரிசைப் பெற இந்த இணையதளத்துக்குச் செல்லவும்" என்ற பெயருள்ள டோக்கன்கள் கேட்காமலே வாலட்டுகளுக்கு வந்து விழுகின்றன. அந்தப் பெயரை ஏஜென்ட் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஈஆர்சி-20 விதிகளின்படி பூஜ்யத் தொகை நகர்வும் செல்லுபடியாகும் என்பதால், உரிமையாளர் கையொப்பமிடாமலே அவருடைய முகவரியிலிருந்து போனது போன்ற பதிவை எவரும் உருவாக்கலாம். வழக்கமான பெறுநரின் முகவரியைப் போலவே தொடங்கி முடியும் போலி முகவரி இவ்வாறு வரலாற்றுக்குள் நுழைகிறது. 2024 மே மாதத்தில் இத்தகைய போலி முகவரியை நம்பி ஒருவர் 1,155 ரேப்டு பிட்காயினை (எத்தேரியத்தில் பிட்காயினுக்கு ஈடாகப் புழங்கும் டோக்கனை), அப்போதைய மதிப்பில் சுமார் 6.8 கோடி டாலரை, அனுப்பிவிட்டார். அதில் பெரும்பகுதி பின்னர் திரும்பக் கிடைத்தது. "போன முறை அனுப்பிய முகவரிக்கே அனுப்பு" என்று ஏஜென்ட்டிடம் சொல்லும் காலத்தில், வரலாற்றுக் கருவி இந்தப் பொறிக்குள் நேராக இழுத்துச் செல்லக்கூடியது.

இந்த எச்சரிக்கையை எங்கே எழுதுவது? பெயர், குறிப்பு போன்ற புலங்களில் உள்ள உரை நம்பத் தகாதது என்ற பொது விதி விளக்கவுரையில் ஒரு வாக்கியமாக இருக்கலாம். ஆனால் குறிப்பிட்ட பதிவு சந்தேகத்துக்குரியது என்பதை அந்தப் பதிவின் அருகிலேயே சொல்ல வேண்டும்: பூஜ்யத் தொகை, முகவரியின் உரிமையாளர் கையொப்பமிடாத நகர்வு, சரிபார்க்கப்படாத டோக்கன் என்ற குறிகளைத் தனிப் புலங்களாகத் தந்தால் ஏஜென்ட் அவற்றை வடிகட்ட முடியும். ஓப்பன்ஏபிஐ விவரணையோ இணையப் பக்கமோ இந்த வேலைக்கு உதவாது.

எப்படித் தேர்ந்தெடுப்பது

ஒரே செயினுக்காக, ஒரே அமைப்புக்குள் பயன்படும் சிறு கருவியென்றால், ஒரு பத்தி அளவில் விளக்கவுரையும் தன்னை விளக்கும் பதிலும் போதும். ஸ்கில் கோப்பு எழுதுவது வீண் வேலை. மூன்று நான்கு செயின்களுக்கு மேல் போகும்போது, செயின்வாரியான நுணுக்கங்களை ஸ்கில் கோப்புக்கு நகர்த்த வேண்டும். அந்தக் கோப்பு இல்லாவிட்டாலும் தவறான மொத்தம் வராதபடி எச்சரிக்கைகளைப் பதிலில் வைத்திருக்க வேண்டும். வெளி மென்பொருளாளர்கள் பயன்படுத்தும் ஏபிஐ என்றால் ஓப்பன்ஏபிஐ விவரணை அவர்களுக்குக் கட்டாயம் தேவை. நிரலிலிருந்து அதை உருவாக்கிக் கொடுக்கலாம், ஆனால் அதையே ஏஜென்ட்டின் கருவிப் பட்டியலாக மாற்றும் தூண்டுதலுக்கு இடம் தரக் கூடாது. நான்கு அழைப்புகளையும் உள்ளே அழைத்து, ஹாஷ்வாரியாக ஒன்றுசேர்த்துத் தரும் ஒரே கருவி, நான்கு கருவிகளையும் அவற்றை இணைத்துப் பயன்படுத்தச் சொல்லும் நீண்ட ஆவணத்தையும்விட நம்பகமானது. வேகம் குறையும், செலவு கூடும் என்பது உண்மை. சில வகைகள் வேண்டாம் என்று ஏஜென்ட் சொல்வதற்கு ஓர் உள்ளீட்டை வைத்து அதைக் குறைத்துக்கொள்ளலாம். இயல்பு நிலை முழுமையாக இருக்க வேண்டும், குறைப்பது ஏஜென்ட்டின் வெளிப்படையான தேர்வாக இருக்க வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், விடை தெரிந்த கேள்விகளைக் கொண்டு ஆவணத்தைச் சோதிப்பது அவசியம். ரேப்டு ஈதரை மாற்றிய முகவரி, ஸ்டேக்கிங் வரவு உள்ள முகவரி, தோல்வியடைந்த பரிவர்த்தனைகள் உள்ள முகவரி, பூஜ்யத் தொகைப் போலிகள் நிறைந்த முகவரி என்று சிலவற்றைத் தேர்ந்து, முடிவு பிளாக்கைக் கடந்த காலத்தில் நிலையாக வைத்துவிட்டால், விடைகள் மாறாமல் இருக்கும். விளக்கவுரையில் ஒரு வாக்கியம் மாறினாலும் இந்தக் கேள்விகளை மீண்டும் ஓட்ட வேண்டும். ஏஜென்ட்டைப் பொறுத்தவரை வாக்கிய மாற்றமும் நிரல் மாற்றமும் ஒன்றே என்பதால், அதற்கும் பதிப்பு எண் கொடுத்துப் பதிவு செய்வது முறை.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய நேரம் இல்லாதவர்கள், பதிலில் "எதைத் தேடினோம்" என்ற பகுதியிலிருந்து தொடங்கலாம். அதை எழுத உட்கார்ந்தால், உள்பரிவர்த்தனைகளைத் தேடுகிறோமா, வரம்பை எட்டியதை எப்படி அறிகிறோம், கடைசி பிளாக் எது என்று நிரலை எழுதியவரே பதில் சொல்ல வேண்டி வரும். விளக்கவுரைக்குத் தேவையான வாக்கியங்களில் பெரும்பாலானவை அந்தப் பதில்களிலிருந்தே கிடைத்துவிடும்.